பார்வையற்ற மாணவர்களுக்கு அறிவியல்: பாடநூல் முதல் ஆய்வகம் வரை ஒரு வழிகாட்டி

செய்முறை வகுப்பு என்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான். பார்வையற்ற மாணவர் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் நிற்கும் நண்பர் சோதனையைச் செய்துவிட்டு, "கலர் மாறிடுச்சு, பதினெட்டு புள்ளி நாலு, எழுதிக்கோ" என்பார். இவரும் எழுதிக்கொள்வார். மதிப்பெண் வந்துவிடும், பதிவேடு நிரம்பிவிடும். அன்று அவர் செய்த ஒரே வேலை, காதில் விழுந்ததை எழுதியது.

ஆசிரியர்களையும் வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கீழே வரும் யோசனைகளில் எதை எடுத்தாலும் ஒரே கேள்வியால் சோதித்துப் பாருங்கள்: அளவீட்டை எடுத்தது யார்? மாணவர் தன் கையால் எடுத்திருந்தால், கருவி எவ்வளவு எளியதாக இருந்தாலும் பரவாயில்லை. வேறொருவர் எடுத்துச் சொன்னதாக இருந்தால், எவ்வளவு அழகாக விளக்கியிருந்தாலும் அது பாதி வேலைதான்.

பார்க்காமல் அறிவியலா?

இந்தச் சாக்கை முதலிலேயே ஓரங்கட்டிவிடலாம். அறிவியல் ஆராயும் பெரும்பாலான விஷயங்கள் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. எலெக்ட்ரானை யாரும் நேரில் பார்த்ததில்லை. கைகர் கருவி கதிரியக்கத்தை 'டிக் டிக்' ஒலியாகத்தான் சொல்கிறது. 2015 செப்டம்பரில் ஈர்ப்பலைகள் முதல்முறையாகப் பதிவானபோது, அந்தத் தரவை ஒலியாக மாற்றித்தான் ஊருக்கெல்லாம் கேட்கவைத்தார்கள்.

ஆட்களும் இருக்கிறார்கள். நிக்கோலஸ் சாண்டர்சன் கைக்குழந்தையாக இருந்தபோதே பெரியம்மையில் பார்வையை இழந்தவர். 1711-ல் கேம்பிரிட்ஜில், முன்பு நியூட்டன் வகித்த அதே லூகாசியன் கணிதப் பேராசிரியர் பதவிக்கு வந்தார். அங்கே அவர் நடத்திய பாடங்களில் ஒளியியலும் ஒன்று. நம் காலத்தில் கீராட் வெர்மே என்ற உயிரியலாளர் இருக்கிறார். மூன்று வயதிலிருந்து பார்வை கிடையாது. சங்கு, சிப்பி ஓடுகளை விரலால் தடவித்தான் ஆராய்ந்தார். ஓட்டை உடைக்கும் நண்டுகளும் ஓட்டைத் தடிப்பாக்கிக்கொள்ளும் நத்தைகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே வந்திருப்பதை அந்த ஓடுகளிலிருந்து எடுத்துச் சொன்னார்.

முதல் படி: மாணவரிடமே கேளுங்கள்

'பார்வைக் குறைபாடு' என்ற ஒரே பெயருக்குள் பல நிலைமைகள் இருக்கின்றன. எல்லோருக்கும் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தால் போதும் என்று நினைப்பது பொதுவான தவறு. விழித்திரை மெல்லச் சிதையும் ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா உள்ள மாணவருக்கு ஓரப் பார்வை சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் கொஞ்சம் தெரியும். அவருக்கு எழுத்தை ரொம்பப் பெரிதாக்கினால் ஒரு பார்வைக்குள் இரண்டு எழுத்துதான் அடங்கும், படிப்பது இன்னும் மெதுவாகும். விழித்திரையின் நடுப்பகுதி பாதிக்கப்பட்டவருக்கு நிலைமை நேர்மாறு. அவர் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் படிப்பார், பெரிய எழுத்து அவருக்கு உதவும். பிறவியிலேயே உடலில் நிறமி குறைந்த அல்பினிசம் உள்ளவருக்குக் கூசும் வெளிச்சம்தான் முதல் எதிரி. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, பளபளப்பில்லாத தாளைக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பெரிய எழுத்து என்றால் 18 புள்ளி அளவு ஒரு நல்ல தொடக்கம். அதன்பின் மாணவர் சொல்வதை வைத்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இவற்றைக் கேளுங்கள்: பிரெய்லி படிப்பாரா, திரையில் இருப்பதைக் குரலாக வாசிக்கும் திரைவாசிப்பான் மென்பொருளைப் பயன்படுத்துவாரா, இரண்டுமா? பிறவியிலேயே பார்வை இல்லையா, பிறகு போனதா? முன்பு பார்த்த நினைவு உள்ளவருக்கு 'நீலம்', 'தூரத்தில் சிறியதாகத் தெரியும்' போன்ற சொற்கள் உதவும். மற்றவருக்கு அவற்றை அப்படியே நம்பிவிட முடியாது. தொட்டுணரும் படங்களை இதற்கு முன் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறாரா? பல மாணவர்கள் உயர்நிலைப் பள்ளி வரை வந்தும் ஒன்றைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். படத்தை விரலால் படிப்பது தனித் திறமை, பழக்கித்தான் ஆகவேண்டும்.

இரண்டாம் படி: பாடத்திலிருந்து பார்வையைப் பிரித்தெடுங்கள்

ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, மாணவர் கடைசியில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வரியில் எழுதுங்கள். அந்த வரியில் 'பார்த்து' என்ற சொல் வந்தால், அது உண்மையிலேயே தேவையா என்று கேளுங்கள். லிட்மஸ் தாள் சிவப்பாவதைப் பார்ப்பது பாடத்தின் நோக்கம் கிடையாது. கரைசல் அமிலமா காரமா என்று தீர்மானிப்பதுதான் நோக்கம். அந்தச் செய்தியை நிறம் சொல்லலாம், வாசனை சொல்லலாம், பி.எச். உணரியின் குரல் சொல்லலாம். மின்சுற்றில் பல்பு எரிவதும் அப்படித்தான். பல்பைக் கழற்றிவிட்டு பஸ்ஸரை மாட்டினால் சுற்று மூடியதும் அது கத்தும். பஸ்ஸருக்கு நேர், எதிர் முனை உண்டு, மாற்றி மாட்டினால் வாய் திறக்காது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நேர்முனைக் கால் பொதுவாக நீளமாக இருக்கும், விரலுக்கு நன்றாகவே தெரியும்.

இந்தப் பிரித்தலைப் பாடம் நடத்தும் நாள் காலையில் செய்ய முடியாது. இரண்டு வாரம் முன்னதாகவே பாடத்தைப் புரட்டி, எந்தப் படத்துக்கு எத்தனை தாள், எந்தச் சோதனைக்கு எந்தக் கருவி என்று குறித்துவைக்க வேண்டும். தயாரிப்புக்கு நேரம் பிடிக்கும் என்பதை மறைப்பதில் பயனில்லை.

மூன்றாம் படி: எழுத்தும் சூத்திரமும்

கணினியில் கொடுக்கும் குறிப்புகள் யூனிகோடில் இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள், அதனால் திரைவாசிப்பான் அதைப் புரியாத ஆங்கிலமாக உளறித்தள்ளும். புத்தகப் பக்கத்தைப் படம்பிடித்து பி.டி.எஃப். ஆக்கிக் கொடுத்தாலோ அந்த உளறல்கூட வராது. தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தில் போடாமல் 'தலைப்பு' பாணியில் அமையுங்கள். திரைவாசிப்பான் பயன்படுத்துபவர் ஒரு விசையில் தலைப்புக்குத் தலைப்பு தாவிச்செல்ல அதுதான் வழி.

சூத்திரங்களைப் படமாக ஒட்டவே கூடாது. கணிதக் குறிப்பு மொழியான மேத்.எம்.எல். வடிவில் இருந்தால், இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானும் மேத்கேட் என்ற செருகுநிரலும் சேர்ந்து அதைப் பகுதி பகுதியாக வாசித்துக் காட்டும். சூத்திரங்களைச் சாதாரண எழுத்துக் கட்டளைகளாகவே தட்டச்சு செய்யும் லேடெக் முறையை மேல்வகுப்பு மாணவர்கள் கற்றுக்கொண்டால் சூத்திரத்தை வெறும் எழுத்தாகவே படிக்கலாம், எழுதலாம். கொஞ்சம் முயற்சி வேண்டும், ஆனால் கல்லூரி வரை கைகொடுக்கும்.

பிரெய்லி படிப்பவருக்குக் கணிதத்துக்கென்றே நெமத் குறியீடு உண்டு. ஏபிரகாம் நெமத் பார்வையற்ற கணிதப் பேராசிரியர். தன் தேவைக்காகவே அதை உருவாக்கினார், 1952-ல் அது வெளியானது. சாதாரண பிரெய்லியில் எண் குறி போட்டு எழுத்துகளையே எண்ணாகப் படிக்க வேண்டும். நெமத் குறியீட்டில் எண்கள் பிரெய்லியின் ஆறு புள்ளிக் கட்டத்தின் கீழ்ப்பகுதியில் இறங்கி உட்கார்ந்துவிடும், எழுத்தோடு குழம்பாது. ஒருங்கிணைந்த ஆங்கில பிரெய்லியிலும் கணிதத்துக்கு வேறு விதிகள் உள்ளன. எதுவாக இருந்தாலும் ஒன்றைத் தேர்ந்து, வருடம் முழுக்க அதிலேயே நில்லுங்கள்.

வாயால் சொல்லும் சூத்திரத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறோம். "ஏ கூட்டல் பி வகுத்தல் சி" என்று சொன்னால், எதை எதால் வகுப்பது? பி-யை மட்டுமா, இரண்டையும் சேர்த்தா? "பின்னம் தொடங்குகிறது, மேலே ஏ கூட்டல் பி, கீழே சி, பின்னம் முடிகிறது" என்று சொன்னால் ஐயமே வராது. இதையும் நெமத் தனக்கு வாசித்துக் காட்டியவர்களுக்குப் பழக்கியிருந்தார். வேதியியலில் பெரிய எழுத்து, சிறிய எழுத்தையும் சொல்லியாக வேண்டும். சி, ஓ இரண்டும் பெரிய எழுத்தென்றால் கார்பன் மோனாக்சைடு. ஓ சிறிய எழுத்தென்றால் கோபால்ட்.

கரும்பலகையில் எழுதும்போது "இதை இங்க கொண்டுவந்து அதால வகுத்தா இது வந்துடும்" என்பதை விட்டுவிடுங்கள். எழுதுவதை எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள். பின்வரிசையில் உட்கார்ந்து பலகை தெரியாமல் விழிப்பவர்களும் நன்றி சொல்வார்கள்.

நான்காம் படி: விரலுக்கான படம்

கண் ஒரு படத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு பிறகு விவரத்துக்குப் போகிறது. விரல் துண்டு துண்டாகச் சேகரித்து, மொத்தத்தை மனதில் கட்டுகிறது. ஆகவே பாடநூல் படத்தை அப்படியே மேடாக்கினால் கிடைப்பது கோடுகளின் சிக்கல். இதயத்தின் படத்தில் இருக்கும் நிழல், வளைவு, பின்னால் ஓடும் நாளம், இருபது பெயர்க்கோடுகள் எல்லாம் விரலுக்கு வெறும் இரைச்சல்.

முதல் கேள்வி, படம் தேவையா என்பது. ஒரு வாக்கியத்தில் முடிவதற்கு, அல்லது அசல் பொருளே கையில் கிடைப்பதற்குப் படம் வேண்டாம். பூவின் பாகங்களுக்குச் செம்பருத்தி மாதிரி ஒரு பெரிய பூவைக் கொடுத்தால், சூலகத் தண்டைச் சுற்றி மகரந்தப் பைகள் எப்படித் தொங்குகின்றன என்று விரலே சொல்லிவிடும்.

படம் வேண்டும் என்று முடிவானால், குவிலென்ஸில் ஒளிக்கதிர் செல்லும் படத்தை எப்படிச் செய்வது என்று பார்ப்போம். தடித்த அட்டை ஒன்று, பசை, இரண்டு வகை நூல், கொஞ்சம் வெல்வெட் துணி, ஒரு மணி போதும். அட்டையின் மேல் வலது மூலையை வெட்டிவிடுங்கள், எது மேல்பக்கம் என்று மாணவருக்கு எப்போதும் தெரியும். முதன்மை அச்சுக்கு மெல்லிய தையல் நூல். லென்ஸுக்கு வெல்வெட் துணியில் வெட்டிய வடிவம். கதிர்களுக்குத் தடித்த முறுக்குக் கயிறு. குவியத்தில் ஒரு சிறு மணி. கோடுகளுக்கிடையே குறைந்தது 3 மி.மீ. இடைவெளி விடுங்கள், அதற்குக் குறைந்தால் இரண்டு கோடு விரலுக்கு ஒன்றாகிவிடும். பெயர்களைப் படத்துக்குள் திணிக்காமல் இரண்டெழுத்துச் சுருக்கம் மட்டும் வைத்து, விளக்கத்தைத் தனித் தாளில் கொடுங்கள்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். எல்லாக் கதிர்களையும் ஒரே தாளில் ஒட்டாதீர்கள். முதல் தாளில் லென்ஸும் அச்சும். இரண்டாவதில் அச்சுக்கு இணையாக வந்து குவியம் வழியாகப் போகும் கதிர். மூன்றாவதில் லென்ஸின் மையம் வழியாக நேராகப் போகும் கதிர். நான்காவதில் இரண்டும் சந்திக்குமிடமும் அங்கே உருவாகும் பிம்பமும். நான்கு தாள் செய்ய நேரம் ஆகும்தான், ஆனால் மாணவர் இரண்டாவது தாளைத் தொட்டவுடனேயே "அப்போ நடுவுல போற கதிர் வளையாதா?" என்று கேட்பார். மூன்றாவது தாளுக்கு அவரே வழி போட்டுக் கொடுத்துவிடுகிறார்.

வேகமாக வேண்டுமென்றால் வேறு வழிகள் உண்டு. ரப்பர் விரிப்பின்மேல் பிளாஸ்டிக் தாளை வைத்துப் பேனாவால் அழுத்தி வரைந்தால் கோடு அப்படியே மேலெழும். வகுப்பின் நடுவே அவசரத்துக்கு இதைவிட நல்லது இல்லை, மாணவரும் இதில் வரையலாம். ஸ்வெல் பேப்பர் என்ற தாளில் கறுப்பு மையால் அச்சிட்டு வெப்பக் கருவிக்குள் விட்டால், கறுப்புக் கோடு அதிக வெப்பத்தை உறிஞ்சி அந்த இடம் மட்டும் உப்பும். ஒரு படத்தைப் பல பிரதி எடுக்க இது வசதி. முப்பரிமாண அச்சு பற்றி ஒரு வார்த்தை: கருவி இருக்கிறதே என்று எதையெல்லாமோ அச்சிடத் தோன்றும். நூலும் பசையும் செய்துவிடக்கூடியதற்கு மூன்று மணி நேரம் அச்சுப்பொறியை ஓட்ட வேண்டியதில்லை.

முப்பரிமாண அச்சு உண்மையில் பளிச்சிடுவது வேறு இடத்தில். அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஷா குழுவினர் 2022-ல் வெளியிட்ட வேலை அதற்கு நல்ல உதாரணம். லித்தோஃபேன் என்ற மெல்லிய தகடு அது. படத்தில் எங்கே இருட்டோ அங்கே தகடு தடிப்பாக இருக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் பார்வையுள்ளவருக்கு அது துல்லியமான படம், விரலால் தடவினால் பார்வையற்றவருக்கு மேடும் பள்ளமும். இருவரும் ஒரே தகட்டை வைத்துக்கொண்டு ஒரே தரவைப் பற்றி வாதிடலாம்.

மாதிரிகள் கொடுக்கும்போது அளவைச் சொல்ல மறக்காதீர்கள். ஒரு அடி நீள எறும்பு மாதிரியைத் தடவிய குழந்தை, எறும்பு அவ்வளவு பெரியது என்றே நம்பிவிடலாம். குறுக்குவெட்டு என்பதும் பலருக்குத் தடுக்கும். களிமண்ணில் ஒரு தண்டு செய்து, உள்ளே வேறு பொருளைப் புதைத்து, மாணவரையே குறுக்காகவும் நெடுக்காகவும் வெட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எந்தக் குறுக்குவெட்டுப் படமும் பழகிவிடும். அணு மாதிரிகளில் நிறத்துக்குப் பதில் மேற்பரப்பை மாற்றுங்கள்: ஆக்சிஜனில் ஒரு சுற்று டேப், கார்பனில் ஒரு கீறல், ஹைட்ரஜன் வழவழப்பாகவே இருக்கட்டும்.

படத்தைக் கையில் கொடுக்கும்போது, முதலில் இரண்டு கையாலும் தாள் முழுவதையும் ஒருமுறை தடவச் சொல்லுங்கள். பிறகு ஒரு கை ஓரிடத்தில் நிலையாக நிற்க, மறு கை தேடிப் போகட்டும். மாணவரின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அவர் கை உங்கள் கைமேல் இருக்கலாம், உங்கள் கை அவர் கைமேல் இருக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: கிராஃபைக் கேட்பது

இதை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் கருவிகள் தயாராகவே இருக்கின்றன. கிராஃபை ஒலியாக்கும்போது இடமிருந்து வலம் போவது காலமாகிறது, உயரம் சுருதியாகிறது. கோடு ஏறினால் சுருதி ஏறும். கிராஃப் வரையும் டெஸ்மாஸ் இணையக் கால்குலேட்டரில் இந்த வசதி உண்டு, திரைவாசிப்பானோடு சேர்ந்தும் இயங்கும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்ற கணினிப் பாவனைச் சோதனைகள் சிலவற்றிலும் ஒலியும் வாய்மொழி விவரணையும் சேர்த்திருக்கிறார்கள். போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வானியலாளர் வாண்டா டியாஸ் மெர்செட் பார்வை போன பிறகு விண்மீன் தரவுகளை இப்படித்தான் ஆராயத் தொடங்கினார்.

முதல் நாளே சோதனைத் தரவைப் போட்டுக் காட்டாதீர்கள். நேர்கோடு, பிறகு பரவளையம், பிறகு சைன் அலை என்று காதைப் பழக்குங்கள். வளைவின் போக்கைச் சொல்ல ஒலி அருமையானது. இரண்டு கோடுகள் எந்த மதிப்பில் வெட்டுகின்றன என்று கண்டுபிடிக்க விரல்தான் தோது. அதற்கு ஒரு கார்க் பலகையில் மேடான கட்டத் தாளை ஒட்டி, குண்டூசியால் புள்ளி வைத்து, ரப்பர் பேண்டால் கோடு இழுக்கலாம். புள்ளிகளை வைப்பது மாணவர்தான்.

ஆறாம் படி: ஆய்வகம்

வகுப்பு தொடங்குவதற்கு முன் ஒருநாள் காலி ஆய்வகத்தில் மாணவரை நடக்கவிடுங்கள். வாசல், தண்ணீர்க் குழாய், கண் கழுவும் இடம், தீயணைப்பான், தன் மேசை எல்லாம் அவர் காலுக்கும் கைக்கும் பழக வேண்டும். அதற்குப் பிறகு எதையும் இடம் மாற்றுவதாக இருந்தால் முதலில் அவரிடம் சொல்லுங்கள். மேசையில் விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்றை வைத்து அதற்குள்ளேயே எல்லா வேலையும் நடக்கட்டும். சிந்தினால் தட்டோடு போகும், உருண்டால் தட்டுக்குள் நிற்கும். தட்டுக்குள் பொருள் இருக்கும் இடத்தைக் கடிகார முள்ளை வைத்துச் சொல்லலாம்: "பீக்கர் 12 மணியில், அமிலம் 3 மணியில்."

பாதுகாப்புக் கண்ணாடி இவருக்கும் கட்டாயம். "பார்வையே இல்லையே, கண்ணாடி எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள். அமிலம் தெறித்தால் கண் எரிவது எல்லோருக்கும் ஒன்றுதான். தீச்சுடருக்குப் பதில் ஹாட் பிளேட் நல்லது. ஆனால் அணைத்த பிறகும் அது சூடாகவே இருக்கும், அது எப்போதும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பாட்டில்களுக்கு பிளாஸ்டிக் பிரெய்லிப் பட்டை ஒட்டுங்கள், அல்லது ஒரு ரப்பர் பேண்ட் அமிலம், இரண்டு என்றால் காரம் என்று ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுக் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது சிரிஞ்சு. ஊசியில்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சின் உள்தண்டில் 5 மி.லி., 10 மி.லி. இடங்களில் கத்தியால் சிறு வெட்டுப் போடுங்கள். மாணவர் தண்டை இழுக்கும்போது விரல்நகத்தைக் குழாயின் விளிம்பில் வைத்திருந்தால் வெட்டு வந்து நகத்தில் தட்டும். அவ்வளவுதான், அளவு சரி. வெப்பநிலை, எடை, மின்னழுத்தம் ஆகியவற்றுக்குப் பேசும் கருவிகள் கிடைக்கின்றன. புளூடூத் உணரியை ஃபோனில் இணைத்து, ஃபோனின் திரைவாசிப்பானை வாசிக்கவைக்கலாம். ஃபோன் கேமராவால் கருவியின் திரையைப் படிக்கும் செயலிகளும் உண்டு. ஆனால் கோடு கோடாக எண் காட்டும் பழைய திரைகளில் அவை அடிக்கடி தடுமாறும், எட்டை மூன்று என்று படிக்கும். முக்கியமான அளவுக்கு அதை நம்ப வேண்டாம்.

இன்னொன்று ஒளியை ஒலியாக்கும் கருவி. வெளிச்சம் கூடினால் சுருதி ஏறும். கடையில் வாங்காமலே செய்யலாம்: 555 டைமர் சிப், ஒளி பட்டால் மின்தடை குறையும் எல்.டி.ஆர்., ஒரு சிறு ஸ்பீக்கர். மூத்த மாணவர்களிடமே கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

இதை வைத்துக் குவிலென்ஸின் குவியத் தொலைவை அளக்கலாம். அறையின் மறுகோடியில் ஒரு விளக்கு, ஸ்டாண்டில் லென்ஸ், அதன் பின்னால் மேடான குறிகள் உள்ள மீட்டர் அளவுகோல். மாணவர் உணரியை அளவுகோல் மேல் மெல்ல நகர்த்துவார். சுருதி ஏறி ஏறி ஓரிடத்தில் உச்சிக்குப் போய் மறுபடி இறங்கும். உச்சி எங்கேயோ அங்கே விரலை வைத்து அளவைப் படிப்பார். சூரிய ஒளியில் இதைச் செய்ய வேண்டாம், குவியத்தில் விரல் சுடும்.

காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தின் செறிவைக் கண்டறியும் தரம்பார்த்தலிலும் இதே கருவிதான். அமிலக் கரைசலில் கலந்த பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டி நிறமற்ற நிலையிலிருந்து இளஞ்சிவப்பாகும் கணத்தைக் காதால் பிடிக்க வேண்டும். குடுவையின் ஒரு பக்கம் பச்சை எல்.இ.டி., எதிர்ப்பக்கம் உணரி, மேலே ஒரு கறுப்பு அட்டைப் பெட்டி. பச்சை ஏன் என்றால், இளஞ்சிவப்புக் கரைசல் உறிஞ்சுவது பச்சை ஒளியை. வெள்ளை விளக்கு வைத்தால் மாற்றம் மங்கலாகவே கேட்கும். சொட்டு விழுந்ததும் சுருதி சட்டென்று இறங்கி, குடுவையைக் கலக்கினால் மறுபடி ஏறும். முடிவுப் புள்ளியில் கலக்கினாலும் ஏறாது. அந்த வித்தியாசத்தைக் காது இரண்டு மூன்று முறையிலேயே பிடித்துக்கொள்ளும். பியூரெட்டின் கோட்டைப் படிப்பதற்குப் பதில், காரக் கரைசல் நிரப்பிய சொட்டுப் பாட்டிலைப் பேசும் தராசில் முன்னும் பின்னும் எடைபோட்டால் போதும். எடையிலிருந்து அளவைக் கணக்கிடுவது அவருக்கு இன்னொரு பயிற்சி.

கருவி எதுவுமே இல்லையா? சரி, வெங்காயம் இருக்கிறதே. நறுக்கிய வெங்காயத்தோடு துணித் துண்டுகளை ஒரு மூடிய டப்பாவில் இரவு முழுக்க வைத்தால் வாசனை ஏறிவிடும். நீர்த்த அமிலம் பட்ட துணியில் வாசனை அப்படியே இருக்கும், நீர்த்த காரம் பட்டதில் மங்கிவிடும். வெனிலா சாரமும் அப்படித்தான். மூக்கைத் துணியில் வைத்து இழுக்காமல், தண்ணீரில் அலசிவிட்டுக் கையால் விசிறி முகரப் பழக்குங்கள். பார்வையுள்ள மாணவர்கள் இதில் பின்தங்குவதைப் பார்ப்பது ஒரு தனி வேடிக்கை.

இயக்கவியலுக்கு ஒரு சோதனை சொல்கிறேன், முழு வகுப்புக்கும் செய்யுங்கள். சுமார் 180 செ.மீ. நீளப் பலகை, நடுவில் ஒரு பள்ளம், ஒரு முனை ஏறத்தாழ 20 செ.மீ. உயரத்தில். பள்ளத்துக்குக் குறுக்கே மெல்லிய நூல்களைச் சம தூரத்தில் இழுத்துக் கட்டி, மேலிருந்து ஒரு கோலியை விடுங்கள். நூலில் தட்டும் ஒலி வரவர நெருங்கும்: டக்... டக்.. டக்.டக். முடுக்கம் என்றால் என்ன என்று காது கேட்டுவிட்டது. இப்போது மாணவரிடம், தட்டுகள் சீரான தாளத்தில் விழும்வரை நூல்களை நகர்த்தச் சொல்லுங்கள். தாளம் அமைந்ததும், தொடங்கிய இடத்திலிருந்து ஒவ்வொரு நூலின் தூரத்தையும் அவரே அளக்கட்டும். முதல் நூல் 10 செ.மீ.-ல் இருந்தால் அடுத்தவை 40, 90, 160-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒன்று, நான்கு, ஒன்பது, பதினாறு. தூரம் காலத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது என்ற விதி அவர் கைக்குக் கீழே இருக்கிறது. கலிலியோ சாய்தளத்தில் கண்ட விதி இது. பிளாரன்ஸிலுள்ள கலிலியோ அருங்காட்சியகத்தில் இதே தத்துவத்தில் சிறு மணிகள் பொருத்திய சாய்தளம் ஒன்று இருக்கிறது. பார்வையற்றவர்களுக்கென்று செய்ததில்லை அது.

நுண்ணோக்கிதான் உண்மையிலேயே கடினம். கொஞ்சம் பார்வை உள்ளவருக்கு, கேமராவை மாட்டிப் பெரிய திரையில் காட்டலாம். முழுப் பார்வையின்மைக்கு, அதே ஸ்லைடின் படத்தை எளிமையாக்கித் தொடுபடமாகக் கொடுப்பதும் ஒரு கூட்டாளி பார்த்துச் சொல்வதும்தான் வழி. கூட்டாளி என்றவுடன் அடுத்த படி வருகிறது.

ஏழாம் படி: உதவியாளர் எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்விட்சர்லாந்தில் பிரான்சுவா ஹூபர் என்று ஒருவர் இருந்தார். பார்வை இல்லை. ஆனால் ராணித் தேனீ கூட்டுக்கு வெளியே பறந்துபோய்க் காற்றிலேயே இணைசேர்கிறது என்பதைச் சோதனைகளால் உறுதிசெய்தவர் அவர். பிரான்சுவா பர்னன்ஸ் என்ற உதவியாளர் கூட்டைத் திறந்து பார்த்துச் சொன்னார். எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில், எதை மாற்றிவைத்து மறுபடி பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தது ஹூபர். இந்த ஏற்பாட்டைவிடச் சிறந்த முன்மாதிரியை நான் அறியேன்.

வகுப்பில் இதை இப்படி நடைமுறைப்படுத்தலாம். கூட்டாளி தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும், முடிவைச் சொல்லக் கூடாது. "வினை முடிஞ்சிடுச்சு" என்று சொல்லக் கூடாது. "குமிழி வர்றது நின்னுடுச்சு, அடியில வெள்ளையா ஏதோ படிஞ்சிருக்கு" என்று சொல்லலாம். கேட்காமல் எதையும் எடுத்து நகர்த்தக் கூடாது. குழுவில் வேலைகள் சுழற்சி முறையில் மாற வேண்டும். பார்வையற்ற மாணவரை எப்போதும் 'குறிப்பு எழுதுபவர்' ஆக்கிவிடும் பழக்கம் தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும், கவனித்துக்கொண்டே இருங்கள். தவறாக ஊற்றிவிட்டாரா? மற்றவர்களைப் போல அவரும் மறுபடி செய்யட்டும்.

எட்டாம் படி: தேர்வு

கூடுதல் நேரம் சலுகை ஆகாது. தொடுபடத்தைப் படிப்பதற்கு உண்மையிலேயே அதிக நேரம் பிடிக்கும். மாணவர் சொல்லச் சொல்ல விடையை எழுதிக்கொடுப்பவர் அறிவியல் குறிகள் தெரிந்தவராக இருக்க வேண்டும், தேர்வுக்கு முன் இருவரும் ஒருமுறையாவது சேர்ந்து பயிற்சி செய்திருக்க வேண்டும். "படத்தைப் பார்த்து விடையளி" என்ற கேள்வியை நீக்கிவிட்டு மதிப்பெண்ணைச் சரிக்கட்டுவது எளிய வழி, ஆனால் மாணவர் அந்தப் பகுதியைப் படிக்காமலே விட்டுவிடுவார். அதே திறனைச் சோதிக்கும் வேறு கேள்வியைக் கொடுங்கள்: ஒரு தொடுபடம், அல்லது எண்கள் கொண்ட அட்டவணை. செய்முறைத் தேர்வில், அவர் வகுப்பில் பழகிய அதே சிரிஞ்சு, அதே தட்டு, அதே தராசு மேசையில் இருக்க வேண்டும். வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார் என்றால் இந்தக் கருவிகளை முந்தின நாளே அவருக்குக் காட்டிவிடுங்கள். சோதனை நடக்கும்போது நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் மாணவரின் நேரம்தான் போகும்.

செய்த பொருட்களைச் சேமிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். உப்பிய தாள்களையும் பிரெய்லித் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் சில மாதத்தில் மேடுகள் தட்டையாகிவிடும். கோப்பில் நிற்கவைத்து அடுக்குங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பாடத்தின் பெயரைப் பிரெய்லியிலும் சாதாரண எழுத்திலும் எழுதுங்கள். அடுத்த வருடம் உங்கள் இடத்துக்கு வரும் ஆசிரியருக்குப் பிரெய்லி தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பின்பக்கத்தில், அந்தப் படத்தில் எந்த இடம் குழப்பியது என்று மாணவர் சொன்னதையும் ஒரு வரி குறித்துவையுங்கள், அடுத்த பிரதியைத் திருத்திச் செய்யலாம்.